குளத்து நத்தையும் குறட்டை மாடும்

பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவர்க்கு, நத்தைக்குக் கன்னட மொழியில் வழங்கும் பெயர் தெரிந்திருக்கும். 'பசவன ஹுளு' என்பார்கள். பசவன் என்றால் காளை. ஹுளு என்றால் புழு. தலையில் இரு கொம்புகளை நீட்டிக்கொண்டு ஆடி அசைந்து செல்வதால் அதற்குக் காளையின் பெயரை வைத்தார்கள் போலும். அறிந்து வைத்தார்களோ அறியாமல் வைத்தார்களோ, மாட்டுக்கும் நத்தைக்கும் புழுவுக்கும் உள்ள உறவு வெறும் உருவ ஒற்றுமையோடு நின்றுவிடவில்லை. அந்த உறவைப் பற்றியே இங்கே சிறிது பேச எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நகரின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழ் அன்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். நான்கு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, அண்டை வீடுகளுக்குப் பால் ஊற்றிக் குடும்பத்தை நடத்தி வந்தார். தொழுவத்தில் நின்ற பசு ஒன்று விடாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நோயென்ன என்று கேட்டோம். "சளிதானுங்க ஐயா. வேப்பெண்ணெய் விட்டுப் பார்த்தேன், மிளகுக் கஷாயம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பாலும் பாதியாகிவிட்டது. இந்த ஏரித் தண்ணீர்தான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்றார். பாலில் பாதி குறைந்தால் அந்தக் குடும்பத்தின் வரவில் எவ்வளவு குறையும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் வந்த கால்நடை மருத்துவர் அந்தப் பசுவின் மூக்குச் சளியில் சிறிது எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நம் முன்னோர் வீசிய வளரியைப் போல வளைந்த வடிவுடைய நுண்ணிய முட்டைகள் அதில் கிடந்தன. அவை ஒரு புழுவின் முட்டைகள். மூக்கினுள்ளே காலிஃபிளவர் பூவைப் போன்ற சதை வளர்ச்சி மூச்சு வழியை அடைத்திருந்தது. ஏரித் தண்ணீரின்மேல் அன்பர் கொண்ட ஐயம் முழுவதும் தவறன்று. ஆனால் குற்றம் தண்ணீரில் மட்டும் இல்லை. அந்தத் தண்ணீரில் வாழும் நத்தையின் வயிற்றில் நிகழ்வதையும், பசு தானே அந்தத் தண்ணீரில் விட்டு வருவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

முதலில் நத்தைகளை அறிந்துகொள்வோம். சில ஊர்களில் ஊமச்சி என்றும் கூறுவர். நன்னீரில் வாழும் நத்தைகள் பலவகை. வயல்களிலும் குளங்களிலும் காணும் உருண்டையான பெரிய நத்தை ஒன்று உண்டு. அதன் வாயில் கதவு போல ஒரு மூடி இருக்கும். சில வீடுகளில் சமைத்து உண்பது இதனையே. இங்கே நாம் பேச வந்தவை மூடியில்லாத வகைகள். அவற்றுள் ஒன்று, கயிற்றைச் சுற்றித் தரையில் வைத்தாற்போலத் தட்டையாகச் சுருண்ட ஓடுடையது. ஒரு சிறு காசின் அளவுக்கு வளரும். நசுக்கினால் சிவந்த நீர் வரும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளே அதன் உடலிலும் ஓடுகிறது. விஞ்ஞானிகள் இதனை இண்டோபிளானோர்பிஸ் என்று அழைக்கின்றனர். மற்றொன்று, கூரிய முனையும் அகன்ற வாயும் உடைய மெல்லிய ஓட்டு நத்தை. இதற்கு லிம்னியா என்று பெயர். இவ்விரண்டும் இந்தியா முழுவதும் ஏரி, குளம், வாய்க்கால், நெல்வயல் என நீர் தேங்கிய இடங்களிலெல்லாம் வாழ்கின்றன.

இந்த நத்தைகளுக்கு இனம் பெருக்குவதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஆகும். துணை கிடைக்காவிடினும் தட்டை நத்தை தனித்தே முட்டையிட்டு வமிசத்தை வளர்க்க வல்லது. நீர்ச்செடிகளின் இலையடியில் வழுவழுப்பான கூழ்போன்ற உறைக்குள் முட்டைகளை இடும். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, அடுத்த மழைக்கு எழுந்து வரும். ஆகவே ஒரு குளத்தில் நத்தை அடியோடு ஒழிந்தது என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இனிப் புழுவின் பயணத்தைப் பார்ப்போம். குறட்டை நோயுள்ள மாடு குளத்தில் வாய் வைத்து நீர் குடிக்கிறது. அதன் மூக்குச் சளி நீரில் விழுகிறது. சளியில் உள்ள முட்டை நீர் பட்டவுடன் வெடித்து, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இளம்புழு வெளிவருகிறது. உடல் முழுவதும் மெல்லிய மயிர்களைக் கொண்டு அது விரைந்து நீந்தும். அதற்கு வாயில்லை, உணவில்லை. சில மணி நேரமே, மிஞ்சினால் ஒரு நாளே, உயிர் வாழும். அந்த நேரத்துக்குள் தனக்குரிய நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். வேறு நத்தை எதிர்ப்பட்டால் பயனில்லை. தட்டை நத்தை அகப்பட்டால் அதன் மெல்லிய சதையைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடும்.

நத்தையினுள்ளே நடப்பதுதான் வியப்பு. உட்புகுந்த ஒரு புழு பையைப் போல உருமாறுகிறது. அந்தப் பைக்குள் பல பைகள் தோன்றுகின்றன. ஏறக்குறைய ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ கழிந்தபின், அவற்றினின்று கவையாகப் பிளந்த வாலுடைய புழுக்கள் வெளிப்படத் தொடங்குகின்றன. இவற்றை நாம் வாற்புழுக்கள் என்று சொல்லலாம். உள்ளே சென்றது ஒன்று. வெளியே வருவன ஆயிரக்கணக்கானவை. ஒரு விதையை விதைத்து ஒரு களத்து நெல்லை அறுப்பது போன்றது இது. நத்தை வெறும் வண்டி அன்று, அதுவே நாற்றங்கால்.

வெளிச்சம் பட்டதும் வாற்புழுக்கள் நத்தையை விட்டு நீரில் இறங்கும். ஒரு நாள் அல்லது இரண்டு நாள் அங்கே மிதந்து திரியும். அந்த வேளையில் மாடு நீரில் இறங்கி நின்றால், வாலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழையும். காயம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பின்னர் இரத்த ஓட்டத்தோடு சென்று, மூக்கின் உட்தோலில் உள்ள சிறு இரத்தக் குழாய்களில் குடியேறும். அங்கே ஆண் புழு தன் உடலின் மடிப்பில் பெண் புழுவைத் தாங்கிக்கொண்டு வாழ, பெண் புழு முட்டையிடும். அந்த முட்டைகளைச் சுற்றி எழும் புண்ணும் சதையுமே மூச்சை அடைக்கின்றன. முட்டை சளியோடு மீண்டும் குளத்துக்கு வருகிறது. இவ்வாறு வட்டம் முடிந்து, மறுபடியும் தொடங்குகிறது. எருமைகளிலும் இந்தப் புழு இருக்கும். ஆனால் அவற்றுக்கு நோயின் குறி பெரிதாகத் தோன்றாது. நலமாகக் காணப்படும் எருமை குளத்தில் முட்டையை விட, அதே குளத்தில் இறங்கும் பசு குறட்டை விடும்.

இந்த வட்டத்தைக் கண்டறிந்த பெருமையில் நம் நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1918-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் ஹாப்கின் நிலையம் எனப் பெயர் பெற்ற பம்பாய் ஆராய்ச்சிச் சாலையில், லிஸ்டன், சோபார்க்கர் என்ற இருவர், மாட்டின் குடலைச் சார்ந்த இரத்தக் குழாய்களில் வாழும் இதே குலத்து வேறொரு புழு தட்டை நத்தையில் வளர்வதைக் காட்டினர். குறட்டை நோய்க்கும் இந்தக் குலத்துப் புழுவே காரணம் என்பதை 1932-இல் மல்கானி என்பவர் வெளிப்படுத்தினார். 1933-இல் சென்னை ராஜதானியில் எம். ஏ. என். ராவ் கன்றுகளுக்குச் சோதனை முறையில் அந்நோயை ஏற்படுத்தி, புழுவையும் விவரித்து எழுதினார். அவர் இட்ட பெயர்தான் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. மாட்டின் மூக்குச் சளியைச் சளி என்றே நினைத்து வேப்பெண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, நம் பக்கத்திலேயே பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடை தொழுவம் வரையில் வந்து சேரவில்லை என்பதே வருத்தம்.

நத்தையை நம்பி வாழும் புழு இது ஒன்றுதானா என்றால், இல்லை. இன்னும் பரவலாகத் தீங்கு செய்வது ஈரற்புழு. இது இலை வடிவாய்த் தட்டையாக இருக்கும். நம் நாட்டு வகை ஒரு விரற்கடை முதல் மூன்று விரற்கடை வரை நீளும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் ஈரலில், பித்தம் ஓடும் குழாய்களில் வாழ்கிறது. இதன் முட்டை சாணத்தோடு வெளிவரும். நீரில் பிறக்கும் இளம்புழு, கூர்முனையுடைய லிம்னியா நத்தையைத் தேடிப் புகும். இதுவரையில் கதை ஒன்றே. ஆனால் நத்தையை விட்டு வெளிவந்தபின் இது மாட்டின் தோலைத் தேடுவதில்லை. நீரோரத்துப் புல்லின் தண்டில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் சென்றதும் உறையைக் கிழித்து, குடலைத் துளைத்து, ஈரலைக் குடைந்துகொண்டு செல்லும். மாடு மெலியும், இரத்தம் குறையும், தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும், பால் வற்றும். இங்கிலாந்தில் 1879-ஐ ஒட்டிய ஈரமான ஆண்டுகளில் இந்நோயின் உறவுப் புழு எண்ணற்ற ஆடுகளைக் கொன்றது. அதன் பின்னரே ஆக்ஸ்போர்டில் தாமஸும் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் தனித்தனியே ஆராய்ந்து, நத்தை வழியாக நடைபெறும் அதன் வாழ்க்கையை முதன் முதலாக உலகுக்கு உரைத்தனர்.

மாட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு, மாதுளை முத்துக்களைப் போலச் செந்நிறமாகக் காணப்படும் கூம்பு வடிவப் புழுக்கள் மூன்றாவது வகை. இறைச்சி வெட்டுவோர் இவற்றை நன்கு அறிவர். வளர்ந்த புழு அதிகத் தீங்கு செய்யாது. ஆனால் புல்லோடு ஏராளமாக உட்சென்ற இளம்புழுக்கள் சிறுகுடலில் தங்கியிருக்கும் நாட்களில், கன்றுகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் கடுமையான கழிச்சலை உண்டாக்கிச் சாகடித்துவிடும். இவற்றுக்கும் தட்டை நத்தையே செவிலி.

இங்கே பெங்களூரின் நிலைமையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய ஆறு எதுவும் இல்லாத மேட்டு நிலம் இது. ஆகவே முன்னோர்கள் மழைநீரைத் தேக்க ஏரிக்கு மேல் ஏரியாக, ஒன்றின் மறுகால் மற்றொன்றுக்குப் பாயும்படி அமைத்தார்கள். அவற்றுள் தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியின் இடத்தில் விளையாட்டரங்கம் எழுந்தது. எஞ்சிய ஏரிகள் பலவற்றில் நகரத்தின் கழிவுநீர் கலக்கிறது. கழிவு மிகுந்தால் ஆகாயத்தாமரை படர்கிறது. அதன் இலையடியும் வேரும் நத்தைகள் ஒட்டி வாழவும் முட்டையிடவும் நல்ல வீடாகின்றன. பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகளின் ஓரங்களில் தழைத்த பசும்புல்லை அறுத்து, கட்டாகக் கட்டி மாடுகளுக்குப் போடுவது நெடுநாளைய வழக்கம். மேய்ச்சல் நிலம் அற்றுப்போன நகரத்தில், நான்கு மாடு வைத்திருக்கும் ஏழைக்கு ஏரிக்கரைப் புல்லே கதி. உறை பூண்ட புழுக்கள் காத்திருப்பதும் அந்தப் புல்லின் அடித்தண்டிலேதான்.

இதுவரையில் மாட்டைப் பற்றியே பேசினோம். மனிதருக்கு இதனால் என்ன வரும் என்று கேட்பது நியாயம். அருகே உள்ளதிலிருந்து தொடங்குவோம். நெல்வயலில் நாற்று நடுவோரும், ஏரியில் இறங்கிப் புல் அறுப்போரும், மீன் பிடிப்போரும் கால்களில் தாங்க முடியாத அரிப்பு என்று சொல்வதுண்டு. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு. இது நீர்மட்டம் வரை காலில் சிவந்த சிறு கொப்புளங்களாகத் தோன்றும். மாட்டின் தோலைத் தேடி வந்த வாற்புழு, மனிதரின் காலை மாடென்று எண்ணித் துளைத்துவிடுகிறது. உள்ளே புகுந்தபின் வாழ வகையின்றி அங்கேயே இறந்துபோகிறது. அந்த இறப்பின் எரிச்சலே அரிப்பு. 1928-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் கார்ட் என்ற அறிஞர் இவ்வகை அரிப்பின் காரணத்தை முதலில் விளக்கினார். அங்கே அது பறவைகளின் புழு. இந்த அரிப்பு சில நாட்களில் தானே தணியும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நாள்தோறும் சேற்றில் நின்று கூலி பெறுபவர்க்கு அது சிறு துன்பமன்று.

ஆனால் மனித உடம்பிலேயே நிலைத்து வாழும் உறவுப் புழுக்களும் உண்டு. 1851-இல் கெய்ரோ நகரில் தியோடார் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அவற்றுள் ஒன்றை முதலில் கண்டதால், அந்நோய்க்குப் பில்ஹார்சியா என்று பெயர் வந்தது. சிறுநீரில் இரத்தம் போகும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிறுநீர்ப்பை, ஈரல் முதலிய உறுப்புகள் பழுதுபடும். குழந்தைகளின் வளர்ச்சி குன்றும். 2021-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இந்நோய்க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டது என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் உள்ளவர்.

இந்தப் பெருநோய் நம் நாட்டில் ஏன் பரவவில்லை? முதல் உலகப் போரில் நம் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் எகிப்திலும் மெசபொடேமியாவிலும் போரிட்டுத் திரும்பினர். அந்நாடுகளில் பில்ஹார்சியா மிகுதி. வருகிறவர்கள் நோயைக் கொண்டுவந்து நம் குளங்களில் விதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. விலங்கியல் அறிஞர்களான ஸ்டான்லி கெம்ப், கிரேவ்லி இருவரும் இந்தக் கேள்வியை ஆராய்ந்து 1919-இல் எழுதினர். இவர்களுள் கிரேவ்லியே பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். 1922-இல் சீமோர் சுவெல் இந்திய நத்தைகளில் காணும் வாற்புழுக்களையெல்லாம் தொகுத்துப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அச்சம் பலிக்கவில்லை. எகிப்தில் அப்புழுவை வளர்க்கும் நத்தை நம் நாட்டில் இல்லை. நம் தட்டை நத்தையோ மாட்டுப் புழுவுக்கு இடங்கொடுக்கிறதே தவிர, அந்த மனிதப் புழுவுக்கு இடங்கொடுப்பதில்லை. பூட்டு இருந்தும் சாவி பொருந்தவில்லை என்னலாம். நம்மைக் காத்தது இந்தப் பொருந்தாமையே.

எனினும், இதைக் கோட்டைச் சுவராக எண்ணி உறங்கிவிட முடியாது. 1952-இல் அன்றைய பம்பாய் மாகாணத்தின் ரத்னகிரி மாவட்டத்தில், கிம்வி என்ற சிற்றூரில் சிறுநீரில் இரத்தம் போகும் நோய் உள்ளூரிலேயே வேரூன்றியிருப்பதைக் காட்கில், ஷா என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டனர். தொப்பியைக் கவிழ்த்தாற்போன்ற ஓடுடைய மிகச் சிறிய நத்தை ஒன்று அங்கே அப்புழுவைச் சுமப்பதாக அவர்கள் எழுதினர். அந்த நோய் நாடெங்கும் பரவிவிடவில்லை. ஆயினும், 'இந்தியாவில் இது வராது' என்ற சொல்லுக்கு அச்சிற்றூர் ஓர் எச்சரிக்கையாக நின்றது. அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. பிரான்சைச் சேர்ந்த கோர்சிகா தீவில் ஓர் ஆற்றில் குளித்தவர்களுக்கு 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நோய் கண்டது. ஆராய்ந்து பார்த்தபோது, அது மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்து பிறந்த கலப்பினம் என்றும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நோயாளரால் அங்கே வந்து சேர்ந்தது என்றும் தெரிந்தது. நத்தை முன்பே அங்கே இருந்தது. புழு பின்னர் வந்து பொருந்திக்கொண்டது.

வேறு மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. பீகார், உத்தரப் பிரதேசம், அஸ்ஸாம், வங்காளம் ஆகிய இடங்களில் சிங்காடா என்னும் நீர்க்கொட்டையைப் பச்சையாகத் தின்பது வழக்கம். அதன் தோலைப் பல்லால் கடித்து உரிப்பார்கள். குடலில் வாழும் பெரிய தட்டைப்புழு ஒன்றின் உறைகள் அந்தத் தோலில் ஒட்டியிருக்கக் கூடும். இதுவும் நத்தையில் வளர்ந்து வருவதே. 1843-இல் லண்டனில் இறந்த இந்தியக் கப்பலாளி ஒருவரின் குடலில்தான் பஸ்க் என்ற மருத்துவர் இப்புழுவை முதலில் கண்டார். வேகவைத்தோ, கொதிநீரில் இட்டெடுத்துக் கத்தியால் தோலுரித்தோ உண்டால் பயமில்லை. ஏரியோரத்துக் கீரைகளையும் பச்சையாக உண்ணாமல், நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

இனி, செய்யத்தக்கது என்ன? நத்தைதானே காரணம், அதைக் கொன்றுவிடலாம் என்று தோன்றும். மயில்துத்தத்தைக் கரைத்து விட்டால் நத்தை சாகும். ஆனால் மீனும் சாகும். சேற்றில் புதைந்த நத்தையோ பிழைத்து, மீண்டும் பெருகும். வாத்துகளை விட்டால் நத்தையைத் தின்னும் என்பது உண்மையே. ஆனால் வாத்துக்கும் அதற்குரிய புழு உண்டு, அதன் வாற்புழுவும் நம் காலில் அரிப்பைத் தரும். மேலும், நத்தை பாசியையும் அழுகிய இலையையும் தின்று நீரைச் சுத்தம் செய்கிறது. மீனுக்கும் நாரைக்கும் உணவாகிறது. அதற்கும் இந்நோய்க்கும் பகையே தவிர உறவில்லை. புழு புகுந்த நத்தையும் நோயாளிதான். நத்தைக்கு நோயைக் கொடுப்பது மாட்டின் சாணமும் சளியுமே. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெளியும்.

புழுவின் பாதை ஒரு சங்கிலி. மாடு, நீர், நத்தை, புல் அல்லது தோல், மறுபடி மாடு. இதில் எந்த ஒரு கண்ணியை அறுத்தாலும் சங்கிலி அறும். நம் கைக்கு எட்டும் கண்ணிகள் சில உண்டு. முதலாவது, மாட்டைக் குளத்தில் இறக்காமல் தொட்டியில் குழாய் நீரோ கிணற்று நீரோ ஊற்றிக் குடிக்க வைப்பது. இந்த ஒன்று முட்டை நீருக்குச் செல்வதையும் வாற்புழு தோலுக்கு வருவதையும் ஒருங்கே தடுக்கும். இரண்டாவது, சாணத்தை ஏரிக்கரையில் கொட்டாமல் குழியில் இட்டு மக்க வைப்பது. நன்றாக மக்கும் எருக்குழியின் சூடு முட்டைகளை அழிக்கும். மூன்றாவது, ஏரிக்கரைப் புல்லை அறுத்தே ஆகவேண்டுமாயின், நீரில் மூழ்கியிருந்த அடித்தண்டை விட்டு மேற்பகுதியை அறுப்பது. முடிந்தால் வெயிலில் நன்கு உலர்த்திப் போடுவது. உறைப்புழுவுக்கு நீடித்த உலர்ச்சி ஆகாது. நான்காவது, மழைக்காலத்துக்குப் பின் மாடுகளின் சாணத்தை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சோதிக்கச் செய்து, மருத்துவர் சொல்லும் புழு மருந்தைச் சொன்ன அளவில் கொடுப்பது. எந்தப் புழு என்று அறியாமல் கடையில் வாங்கிய மருந்தைக் கொடுப்பதால் பணமும் வீண், மாடும் வீண். பெங்களூர் ஹெப்பாளத்தில் 1958 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றும் இயங்கி வருகிறது என்பதை மாடு வளர்ப்போர் நினைவில் வைக்க வேண்டும். நீரில் இறங்கி வேலை செய்வோர் முழங்கால் வரை ரப்பர் காலணி அணிவதும், கரையேறியவுடன் காலை நல்ல நீரில் கழுவித் துணியால் அழுந்தத் துடைப்பதும் நன்று.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று ஐயுற வேண்டாம். ஜப்பானில் 1913-இல் மியாயிரி, சுசுகி என்ற இருவர், அந்நாட்டுப் பில்ஹார்சியாவைச் சுமக்கும் நத்தையைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் அந்நாட்டார் வயல் வாய்க்கால்களுக்குச் சிமெண்டுத் தளமிட்டார்கள், நோயாளருக்கு மருந்து கொடுத்தார்கள், கழிவைப் பதப்படுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வேலை நடந்தது. நோய் மிகுந்திருந்த யமநாஷி பகுதியில் அது ஒழிந்துவிட்டது என 1996-இல் அறிவித்தார்கள். இடைவிடாத முயற்சிக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. நத்தையைப் போல மெல்லவே நடந்தார்கள்; ஆனால் போய்ச் சேர்ந்தார்கள்.

பெங்களூரில் வாழும் தமிழர்க்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் நிரம்பி வழியும் நீர் எங்கே போகிறது? தட்சிண பினாகினி என்று இங்கே அழைக்கப்படும் ஆற்றில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குச் சென்று, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளின் வழியாகத் தென்பெண்ணையாய் ஓடுகிறது. 2018 முதல் இந்நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கும் அனுப்புகிறார்கள். நாம் பிழைப்பைத் தேடி இந்த நகருக்கு வந்தோம். இந்நகரின் நீரோ நாம் விட்டு வந்த வயல்களுக்குத் திரும்பிச் செல்கிறது. ஆகாயத்தாமரைக் கொத்தோடு மிதந்து போகும் நத்தைக்கு மாநில எல்லை தெரியாது. இங்கே ஏரியைத் தூய்மையாக வைப்பது, அங்கே நம் உறவினரின் தொழுவத்தைக் காப்பதும் ஆகும்.

குறட்டை விட்ட பசுவின் கதையை முடிக்காமல் விடலாகாது. மருத்துவர் ஊசி மருந்து கொடுத்தார். சில வாரங்களில் மூச்சு ஓரளவு சீரடைந்தது. ஆனால் அவர் போகும்போது ஒன்று சொல்லிப் போனார்: "மருந்து புழுவைக் கொல்லும். மறுபடி அதே குளத்தில் இறக்கினால் மறுபடி புழு வரும்." அந்த அன்பர் அந்த வாரமே பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்றை வாங்கித் தொழுவத்தின் வாசலில் வைத்தார். நாள்தோறும் இருபது குடம் நீர் சுமக்கும் வேலை அவர் மனைவிக்குக் கூடியது. "கஷ்டந்தானுங்க, ஆனால் ராத்திரி மாடு சத்தமில்லாமல் தூங்குகிறது, நாங்களும் தூங்குகிறோம்" என்று அந்த அம்மையார் சொன்னார். அந்த இருபது குடம் நீரை ஒரு குழாய் கொண்டுவந்து கொட்டுமாயின் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றியது. மாடு வளர்ப்போர் குடியிருப்புகளில் பொதுத் தொட்டியும் குழாயும் கேட்டுப் பெறுவது, நாம் சங்கமாகக் கூடும்போது பேசத்தக்க பொருள்களில் ஒன்று. ஏரிக்கரை நத்தை அதன் போக்கில் பாசியைத் தின்றுகொண்டு இருக்கட்டும்.